'பழகிக்கோங்க' என்பது வைத்தியமா?

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. வழக்கமான நாக்பூர் வெயில் புராணம், ட்ரான்ஸ்ஃபர் ஒப்பாரி எதுவும் இன்று கிடையாது. கொஞ்சம் கோபமாகத்தான் எழுதப் போகிறேன். நீளத்துக்கு மட்டும் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

தலையில் அடிபட்ட பிறகு சிலருக்குக் காதுக்குள் ஒரு சத்தம் வந்து உட்கார்ந்துகொள்ளும். வெளியே ஒன்றுமே இருக்காது. அவர்களுக்கு மட்டும் இரவு பகலாகக் கேட்கும். டாக்டர்கள் டின்னிடஸ் என்பார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் காது இரைச்சல் என்போம். இப்படிப்பட்டவர்களுக்குப் போன் மூலமாகவே உதவ முடியும். ஐந்தாறு அழைப்புகள் போதும். அந்தப் பேச்சு அவரவர் சொந்த மொழியில் இருக்கவேண்டும். இவ்வளவு எளிதான ஒன்றைச் செய்யாமல் "பழகிக்கோங்க" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புவது வைத்தியம் ஆகாது. என் கட்சி இவ்வளவுதான். கீழே வருவதெல்லாம் அதற்கான வாதம்.

முதலில் சொந்தக் கதை.

2021 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நானும் தங்கமணியும் ஸ்கூட்டரில் காய்கறி வாங்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பெயிண்ட் அடிக்காத ஒரு ஸ்பீட் பிரேக்கர். வண்டி தூக்கிப் போட்டதில் பின்னால் இருந்தவள் கீழே விழுந்தாள். என் தலையில் ஹெல்மெட் இருந்தது, அவள் தலையில் இல்லை. பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்பது எனக்குத் தெரியாத சட்டமா என்ன? 'பக்கத்துலதானே' என்று கிளம்பிவிட்டேன். இந்தக் குற்றத்தை வேறு யார் தலையிலும் கட்ட நான் தயாராக இல்லை.

சில நிமிடம் நினைவில்லை. ஸ்கேனில் காதுக்குப் பின்னால் எலும்பில் மெல்லிய விரிசல், உள்ளே லேசான ரத்தக் கசிவு. ஆபரேஷன் வேண்டியிருக்கவில்லை. ஆறு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டோம். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களுக்கு இன்றைக்கும் நன்றி சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். என் சண்டை அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் ராத்திரி, "என்னங்க, வெளியில ஏதாவது மோட்டார் ஓடுதா?" என்றாள். எதுவும் ஓடவில்லை.

அன்றைக்கு ஆரம்பித்தது. அடிபட்டதால் ஏற்கெனவே மறதி, எரிச்சல், வெளிச்சம் பார்த்தால் தலைவலி. அதற்கு மேல் இது. தூக்கம் போயிற்று. தூக்கம் போனதால் சத்தம் இன்னும் அதிகமாகத் தெரிந்தது. அதனால் மறுநாளும் தூக்கம் போயிற்று. வட்டிக்கு வட்டி போடுகிற கணக்கு எனக்குப் புதிதில்லை. ஆனால் ஒரு மனுஷி மேல் அது ஏறுவதை அப்போதுதான் பார்த்தேன்.

காது மூக்கு தொண்டை டாக்டர் பார்த்தார். "காதில் பெரிய கோளாறு இல்லை, நரம்பு டாக்டரைப் பாருங்கள்" என்றார். நரம்பு டாக்டர் "ஸ்கேன் நன்றாக இருக்கிறது, காது டாக்டரையே பாருங்கள்" என்றார். பேங்க்கில் எந்தத் தலைப்பில் போடுவது என்று தெரியாத தொகையை சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் போட்டு வைப்போம். ஆனால் அதை அப்படியே விட்டுவிட்டால் ஆடிட்டர் பிடித்துக்கொள்வார். என் மனைவியைச் சஸ்பென்ஸில் போட்டார்கள், கேட்க எந்த ஆடிட்டரும் வரவில்லை. கடைசியில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது: "இஸ்கே ஸாத் ஜீனா ஸீக்னா படேகா." அதாவது, இதோடு வாழக் கற்றுக்கொள்ள வேண்டும்.

சரி, கற்றுக்கொள்கிறோம். யார் கற்றுத் தருவது? அதற்கு மட்டும் யாரிடமும் பதில் இல்லை.

இப்போது நான் வெட்கப்படுகிற இடத்துக்கு வருகிறேன். வெளியூரில் குடும்பம் நடத்துகிற நம் எல்லோருக்கும் இது பொருந்தும் என்பதால் மறைக்காமல் எழுதுகிறேன்.

தங்கமணிக்குக் கடைகண்ணிக்குப் போதுமான ஹிந்தி தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போதாது. அங்கே நான்தான் துபாஷி. "ஆவாஸ் கைசீ ஹை?" என்று டாக்டர் கேட்டார். அவள் தமிழில் சொன்னாள்: "சில்வண்டு கத்தற மாதிரி இருக்கு. நடுவுல குக்கர் விசில் அடிக்காம ஸ்ஸ்ஸுன்னு ஆவி விடுமே, அப்படி. படுத்தா தலைக்குள்ள இறங்குது." நான் டாக்டரிடம் சொன்னது ஒரே வார்த்தை: "சீட்டி." விசில்!

இன்னொரு நாள் அவள் தலையைக் குனிந்துகொண்டு, "இந்தச் சத்தத்தோட எத்தன நாளுங்க இருக்கறது? ஒரேயடியாப் போய்ட்டாத் தேவலைன்னு இருக்கு" என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். பின்னால் கதவைத் திறந்துகொண்டு அடுத்த நோயாளி நின்றார். நான் சொன்னேன், "ராத் கோ நீந்த் நஹீ ஆத்தீ." ராத்திரி தூக்கம் வருவதில்லை. அவர் தூக்க மாத்திரை எழுதினார். அவர் மேல் தப்பே இல்லை. அவருக்குப் போய்ச் சேர்ந்த தகவலுக்கு அதுதான் மருந்து.

ஏன் அப்படி மாற்றிச் சொன்னேன்? வெட்கம். பயம். 'பைத்தியம்னு நினைச்சுடுவாங்களோ' என்கிற ஊர்ப் புத்தி. வீட்டு மனிதரை மொழிபெயர்ப்பாளராக வைத்தால் இப்படித்தான் ஆகும். நோயாளியின் பேச்சு நம் பயத்தில் வடிகட்டித்தான் டாக்டரிடம் போகும்.

இப்போது வாதத்துக்கு வருவோம். நான் பி.காம். மருத்துவம் படித்தவன் இல்லை. ஆனால் ஒரு கடன் மனு வந்தால் காகிதத்தைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. அதே பழக்கத்தில் படித்ததைச் சொல்கிறேன்.

தலையில் அடி விழும்போது உள்காதில் உள்ள நுண்ணிய மயிர்ச் செல்கள் பாதிக்கப்படலாம். காதிலிருந்து மூளைக்கு வரவேண்டிய சிக்னல் குறைகிறது. அதை ஈடுகட்ட மூளை தன் வால்யூமைத் தானே ஏற்றி வைத்துக்கொள்கிறது. பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் இது. மூளையிலோ கழுத்திலோ பட்ட அடியும் காரணமாகலாம். இந்தச் சத்தத்தை நிறுத்துகிற மாத்திரை இன்றுவரை கிடையாது. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் 2014ல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஜின்கோ பிலோபா மாத்திரை வேண்டாம் என்று பெயர் சொல்லியே தள்ளியிருக்கிறது. (அந்த மாத்திரைக்கு நான் எத்தனை பில் வைத்திருக்கிறேன் தெரியுமா!) அதே வழிகாட்டுதல் பரிந்துரைக்கும் ஒன்று, காக்னிடிவ் பிஹேவியரல் தெரபி, சுருக்கமாக சி.பி.டி. சத்தத்தைப் பற்றிய நம் எண்ணத்தையும் அதற்கு நாம் காட்டும் எதிர்வினையையும் மாற்றிக்கொள்ளும் பயிற்சி. 2020ல் காக்ரேன் அமைப்பு 28 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, இது சத்தம் கொடுக்கும் தொல்லையைக் குறைக்கக்கூடும் என்று சொன்னது. பலன் ஆறு மாதம், ஒரு வருடம் கழித்தும் நிற்கிறதா என்பதற்குச் சான்று போதாது என்றும் நேர்மையாகச் சொல்லியிருக்கிறது.

சரி, போன் எங்கே வந்தது? அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான துறை ஒன்று உண்டு. அங்கே இழப்பீடு பெறும் உடல் குறைகளில் பல ஆண்டுகளாக முதலிடம் காது இரைச்சலுக்குத்தான். குண்டு வெடிப்பில் தலையிலும் காதிலும் சேர்த்து அடிபட்டவர்கள் ஏராளம். அந்தத் துறையைச் சேர்ந்த, ஆரிகன் மாநிலம் போர்ட்லாண்டில் உள்ள செவித்திறன் ஆராய்ச்சி மையம் ஒரு பயிற்சியை வகுத்தது. அதைத் தொலைபேசி வழியே, மூளையில் அடிபட்டவர்களுக்கும் படாதவர்களுக்கும் கொடுத்துப் பார்த்த முன்னோட்டம் 2012ல் வெளியானது. பிறகு 205 பேரை வைத்து முறைப்படி ஒரு சோதனை. முடிவு 2019ல் வந்தது. ஐந்தே ஐந்து போன் அழைப்புகள். இரண்டில் ஆடியாலஜிஸ்ட் பேசுவார், மூன்றில் மனநல நிபுணர் பேசுவார். உடனே பயிற்சி பெற்றவர்கள், ஆறு மாதம் காத்திருந்தவர்களைவிடத் தெளிவாகத் தேறியிருந்தார்கள். மூளையில் அடியே படாதவர், லேசாகப் பட்டவர், பலமாகப் பட்டவர் எல்லோருக்கும் பலன் இருந்தது.

கடைசி வரியை இன்னொரு தரம் படியுங்கள். "மூளையில் அடிபட்டவர்களுக்குப் போனில் சொன்னால் என்ன புரியும்?" என்று இனி யாரும் கேட்கக்கூடாது.

உண்மையில் அவர்களுக்குத்தான் போன் அதிகம் தேவை. தங்கமணியை ஒரு தரம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதென்றால் ஆட்டோ, வெயில், ஹாரன் சத்தம், டோக்கன், இரண்டு மணி நேரக் காத்திருப்பு. டாக்டர் முன்னால் உட்காரும்போது அவளுக்குப் பேசத் தெம்பு இருக்காது. சொன்னது வீடு வந்து சேர்வதற்குள் மறந்துவிடும். வீட்டில், தன் நாற்காலியில், மங்கிய வெளிச்சத்தில், அரை மணி நேரம் பேசுவது அவளால் முடியும்.

எனக்கு எப்படித் தெரியும்? அவளுக்கு அது கிடைத்தது. ஆனால் எப்படிக் கிடைத்தது என்பதில்தான் என் கோபமே இருக்கிறது.

2023 ஜனவரியில் பழைய கல்லூரித் தோழன் வேறு ஏதோ விஷயமாகப் போன் செய்தான். பேச்சுவாக்கில் புலம்பினேன். "எங்க அண்ணி ஆடியாலஜிஸ்ட்தான்டா, சென்னைல. பேசச் சொல்லட்டுமா?" என்றான். அந்த அம்மாள் முதலில் எல்லா ரிப்போர்ட்டையும் அனுப்பச் சொன்னார். சில கேள்விகள் கேட்டார். சத்தம் நாடித்துடிப்போடு சேர்ந்து அடிக்கிறதா, திடீரென்று காது கேட்காமல் போயிற்றா, தலை சுற்றுகிறதா? இவற்றில் ஏதாவது இருந்தால் போன் வேலைக்கு ஆகாது, நேரில்தான் பார்க்கவேண்டும் என்றார். இல்லை என்று தெரிந்த பிறகு, "நீங்க வேற ரூமுக்குப் போங்க சார், நான் அவங்ககிட்ட பேசிக்கிறேன்" என்றார்.

துபாஷிக்கு ஓய்வு! சமையலறையில் காபி போட்டுக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து அவள் குரல் கேட்டது. சில்வண்டு, குக்கர் ஆவி, ஒரேயடியாகப் போய்விடலாம் என்று தோன்றியது, எல்லாம் அவள் வாயால், அவள் தமிழில். இடையில் அழுகை. ஒரு வருஷத்துக்கு மேலாக ஒரே கூரையின் கீழ் இருந்த எனக்கே தெரியாத சங்கதிகள் அதில் இருந்தன. தனக்குப் புத்தி பேதலித்துக்கொண்டு வருகிறது, அதன் அறிகுறிதான் இந்தச் சத்தம் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். "இல்லம்மா, அப்படி இல்ல" என்று அவளுக்குப் புரிகிற மொழியில் சொல்ல ஓர் ஆள் வருவதற்குப் பதினான்கு மாதம் ஆயிற்று.

இரண்டாவது அழைப்பில் ஒரு மர்மம் விலகியது. அதற்கு முந்தைய கோடையில் அவள் நன்றாகத் தூங்கினாள். மழை வந்ததும் மறுபடி கெட்டது. காரணம் எங்களுக்குப் பிடிபடவே இல்லை. "கோடையில கூலர் போட்டிருந்தீங்களா?" என்று கேட்டாராம். நாக்பூரில் கூலர் இல்லாமல் கோடையா! ஜன்னலில் லாரி மாதிரி உறுமுமே. அந்த உறுமல்தான் வைத்தியம் பார்த்திருக்கிறது. முழு நிசப்தத்தில் காதுச் சத்தம் ஒன்றுதான் கேட்கும். பின்னணியில் வேறு ஒரு மெல்லிய சத்தம் இருந்தால் மூளை அதை அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளாது. டிசம்பர் குளிரில் அவள் ஃபேனைப் போட்டுக்கொண்டு போர்வைக்குள் சுருண்டு கிடந்தபோது, "உனக்கென்ன கிறுக்கா?" என்று அணைத்துவிட்டு வந்தவன் நான். மருந்தை நானே பிடுங்கியிருக்கிறேன்.

மொத்தம் ஆறு அழைப்புகள். நான்கில் அந்த அம்மாள், இரண்டில் அவரோடு வேலை பார்க்கும் மனநல நிபுணர். மனதுக்கு இதமான சத்தம், வெறும் பின்னணிச் சத்தம், கவனத்தை இழுக்கிற சத்தம் என்று மூன்றாகப் பிரித்து, எப்போது எதைப் பயன்படுத்துவது என்று சொல்லித் தந்தார்கள். (கவனத்தை இழுக்க அவள் தேர்ந்தெடுத்தது பட்டிமன்றம். என் காதுக்கு அது தனி இரைச்சல், போகட்டும் :-)) மூச்சுப் பயிற்சி. 'புத்தி பேதலிக்கிறது' என்ற எண்ணம் வந்தால் அதை எழுதி வைத்து, அதற்கு எதிரே உண்மை என்ன என்று எழுதுவது. மறதிக்காக ஒவ்வொரு அழைப்பின் முடிவிலும் இரண்டே வரி. அதை ஃப்ரிட்ஜில் ஒட்டிவிடுவோம். அடுத்த அழைப்பு அந்த இரண்டு வரியில் ஆரம்பிக்கும்.

சத்தம் நின்றுவிட்டதா? இல்லை. இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் தூங்குகிறாள். தனியாகக் கடைக்குப் போகிறாள். என்னோடு பழையபடி சண்டை போடுகிறாள். 'போய்ட்டாத் தேவலை' என்ற பேச்சு இல்லை.

கணக்குப் பிள்ளை கணக்குச் சொல்லாமல் இருந்தால் எப்படி? ஸ்கேன், காது டெஸ்ட் எல்லாம் தேவையான செலவு, அதை விட்டுவிடுகிறேன். வேண்டாத மாத்திரைகள், சொட்டு மருந்து, யாரோ சொன்னார்கள் என்று ஹைதராபாத் வரை போய் வந்தது, எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. ஆறு அழைப்புகளுக்கும் சேர்த்துக் கொடுத்தது 3,000 ரூபாய். இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

ஆனால் எனக்கு ஒரு தோழன் இருந்தான், தோழனுக்கு ஓர் அண்ணி இருந்தார். அது இல்லாதவர்கள்? சூரத் மில்லிலும் புனே ஃபேக்டரியிலும் வேலை பார்க்கிற நம் பையன்கள், பிள்ளையோடு தில்லியில் வந்து இருக்கிற வயதான அம்மாக்கள்? 2022ல் மட்டும் இந்தியச் சாலைகளில் காயம்பட்டவர்கள் 4,43,366 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் எந்த மாநிலம் தெரியுமா? நம் தமிழ்நாடு. இவர்களில் நூறில் ஒருவருக்குக் காதில் சத்தம் தங்கிவிட்டது என்று வைத்துக்கொண்டாலே, ஒரே வருஷத்தில் நாலாயிரம் வீட்டுக்கு மேல்.

"பணம் இல்லை, ஆள் இல்லை" என்பார்கள். போன் மூலம் மனநல ஆலோசனை தரும் டெலி மானஸ் 2022 அக்டோபரில் தொடங்கியது. 14416 என்ற எண்ணில் தமிழ் உட்பட 20 மொழிகளில் பேசுகிறார்கள். மைசூரில் 1965லிருந்து பேச்சு, செவித்திறனுக்கென்று ஒரு தேசிய நிறுவனம் இருக்கிறது. டாக்டர்கள் போனில் ஆலோசனை தருவதற்கான விதிமுறைகள் 2020 மார்ச்சிலேயே வந்துவிட்டன. வயர் இருக்கிறது, பல்பு இருக்கிறது, சுவிட்சைப் போட ஆள் இல்லை!

"அமெரிக்கச் சிப்பாய்க்குச் சரிப்பட்டது நம் ஊர்க் குடும்பத் தலைவிக்குச் சரிப்படுமா?" என்பது நியாயமான கேள்வி. சோதித்துப் பாருங்கள் என்கிறேன். பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாமே. பயிற்சி பெற்ற ஆட்கள், ஒரு போன், அவரவர் மொழியில் ஒரு சின்னப் புத்தகம்.

சட்டமும் இன்ஷ்யூரன்ஸும் தனிக் கதை. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம் காது கேளாமையை டெசிபலில் அளக்கிறது. கேட்காத காதுக்கு அளவு இருக்கிறது. ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கிற காதுக்கு இல்லை. வழக்கமான மருத்துவ பாலிசியிலோ ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம். போன் ஆலோசனைக்கு பில் வைத்தால் சிரிப்பார்கள்.

ஆகவே நான் கேட்பது மூன்று. தலைக்காயத்துக்கு டிஸ்சார்ஜ் சீட்டு எழுதும்போது 'காதில் சத்தம் உண்டா?' என்று ஒரு வரி சேருங்கள். உண்டு என்றால் வேண்டிய பரிசோதனைகளை முடித்துவிட்டு, அழைக்க ஓர் எண் கொடுங்கள். அந்த எண்ணில் நோயாளியின் மொழி பேசுகிற ஆடியாலஜிஸ்ட்டும் மனநல நிபுணரும் இருக்கட்டும்.

நம்மிடம் கேட்பது ஒன்றே ஒன்று. ஆஸ்பத்திரியில் துபாஷியாக உட்காரும்போது, உங்கள் மனைவியோ அம்மாவோ சொன்னதை அப்படியே சொல்லுங்கள். பின்னால் க்யூ நிற்கட்டும். வெட்கத்தை வாசலில் செருப்போடு விட்டுவிட்டுப் போங்கள்.

இதை டைப் அடிக்கும்போது மணி பதினொன்று. வெளியே நல்ல குளிர். உள்ளே டேபிள் ஃபேன் சுவரைப் பார்த்தபடி ஓடிக்கொண்டிருக்கிறது. கரண்ட் பில் பற்றி நான் வாயே திறப்பதில்லை.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. காதில் சத்தம் நாடியோடு துடித்தாலோ, ஒரே காதில் மட்டும் கேட்டாலோ, திடீரென்று காது மந்தமானாலோ, தலை சுற்றினாலோ முதலில் நேரில் போய்க் காட்டுங்கள். போன் எல்லாம் அதற்கப்புறம். வீட்டில் யாராவது 'போய்ட்டாத் தேவலை' என்று சொன்னால் அதை அலுப்பில் வந்த பேச்சு என்று தள்ளாதீர்கள். 14416 இரவும் பகலும் எடுக்கிற எண், கட்டணம் கிடையாது. இப்போதே மொபைலில் சேமித்து வையுங்கள்.